வெள்ளவத்தையில் ஒரு வீட்டுப் போறணை

கொழும்புக்குப் போய்த் திரும்பும் யாழ்ப்பாணத்தவரின் பெட்டியில் என்ன இருக்கும் என்பது யாவரும் அறிந்ததே. பிள்ளைகளுக்குச் சப்பாத்து, முதியோருக்கு மருந்து, வீட்டுக்காரிக்கு ஒரு சேலை, அயலவர் சொல்லிவிட்ட சில்லறைச் சாமான்கள். 2025 ஆம் ஆண்டு மாசி மாதத்தில் நாம் திரும்பியபொழுது இவற்றோடு ஒரு கண்ணாடிப் போத்தலும் வந்தது. அதனுள் இருந்தது புளித்த மா. அதனைக் கண்ட அயல்வீட்டுக்காரர், "என்ன மாஸ்டர், தோசைமாவையும் இனிக் கொழும்பிலிருந்தோ கொண்டுவர வேணும்?" என்று கேட்டுச் சிரித்தார். வெயிலிலே படலையடியில் நின்றுகொண்டு சொல்லி முடிக்கக்கூடிய விடையன்று அது. ஆதலின் இங்கே எழுதுகின்றோம்.

ஆசிரியர்களுக்கென நடத்தப்பெற்ற ஒரு வாரப் பயிற்சி வகுப்பின் பொருட்டு நாம் சென்றிருந்தோம். தங்கியது வெள்ளவத்தையில், எமது தங்கையின் வீட்டில். வெள்ளவத்தையைப் பற்றி எம்மவர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. காலி வீதியின் இருமருங்கும் புடைவைக் கடைகளும் நகைக் கடைகளும் சைவ உணவகங்களும் நெருங்கி நிற்கும். அவ்வீதியிலிருந்து மேற்கே திரும்பும் ஒழுங்கைகள் சரிந்து சென்று கடற்கரையில் முடியும். கடலுக்கு அருகாக இருப்புப்பாதை ஓடுகின்றது. புகையிரதம் கடக்கும்போதெல்லாம் எமது தங்கை வீட்டு யன்னற் கண்ணாடிகள் சிறிது நடுங்கும். பனாட்டும் ஒடியலும் முருங்கைக்காயும் யாழ்ப்பாணத்தில் அகப்படாத நாளிலும் இங்கே அகப்படும் என்று அவள் பெருமை பேசுவாள். அது சற்று மிகைதான். எனினும் ஒரு முருங்கைக்காய்க்கு அவள் கொடுக்கும் விலையைக் கேட்டபின் அந்தப் பெருமையைக் கெடுக்க எமக்கு மனம் வரவில்லை.

அங்கே காலைப்பொழுது பாணோடுதான் விடிகின்றது. ஆறு மணிக்கே முச்சக்கர வண்டியொன்று ஒழுங்கைக்குள் நுழையும். அதன் பின்புறத்தில் கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள்ளே பாணும் பணிசும் மாலுபாணும். வண்டியிலிருந்து எழுவதோ பீத்தோவன் 1810 ஆம் ஆண்டில் எலிசா என்பவளுக்காக எழுதிய பியானோ இசை. சிங்கள மக்கள் இதனைச் 'சூன் பாண்' என்பர். அந்தப் பெரும் இசைப்புலவர் தமது இசை இலங்கையிலே இறாத்தல் பாண் விற்கப் பயன்படும் என்று கனவிலும் நினைத்திருக்கமாட்டார். ஆயினும் அவ்விசை கேட்டதும் மாடிக்கு மாடி கதவுகள் திறப்பதையும், கயிற்றிலே கூடைகள் இறங்குவதையும் கண்டபோது, இதைவிட நன்றியுள்ள சபை அவருக்கு வேறெங்கே வாய்த்திருக்கும் என்று தோன்றியது.

சனிக்கிழமை இரவு எமது மருமகள், "மாமா, நாளைக்கு நாங்கள் சூன் பாண் வாங்குறதில்லை. சவர்டோப் பாண் எடுக்கப் போறம், நீங்களும் வாங்கோ" என்றாள். சவர் என்றால் யாழ்ப்பாணத்தவர் காதில் கிணற்றுத் தண்ணீர்தான் விழும். தீவுப்பகுதியிலே கற்பித்த மூன்று ஆண்டுகளும் சவர்த் தண்ணீர் குடித்தே கழித்த நாம், "அதிலே பாணும் சுடுகிறார்களோ?" என்று கேட்டுவிட்டோம். பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தாள். சவர் என்பது ஆங்கிலத்திலே புளிப்பாம். டோ என்பது குழைத்த மாவாம். புளித்த மாவிலே சுட்ட பாண் என்பதே பொருள். எமது அறியாமையை அவள் தன் தோழியர் அறுவருக்கு அன்றிரவே கைத்தொலைபேசியில் அறிவித்துவிட்டாள் எனப் பின்னர் தெரிந்தது.

ஞாயிறு காலை எட்டரை மணிக்குப் புறப்பட்டோம். கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையின் நடுவே, புதிய மாடிக் கட்டடங்கள் இரண்டுக்கு இடையில், பழைய ஓட்டு வீடொன்று ஒடுங்கி நின்றது. பெயர்ப்பலகை கிடையாது. பெயர்ப்பலகைக்குத் தேவையும் இல்லை. பத்து வீட்டுக்கு அப்பாலேயே மணம் வழி காட்டியது. வறுத்த தானிய மணம், அதனுள்ளே பழம் பழுத்தாற்போன்ற ஒரு புளிப்பு மணம். அந்த இடத்தில் நாம் எம்மை அறியாமல் நின்றுவிட்டோம். "என்ன மாமா?" என்றாள் பிள்ளை. "ஒன்றுமில்லை" என்று நடந்தோம். அந்த ஒன்றுமில்லாததைப் பின்னர் சொல்லுவோம்.

முன்விறாந்தையிலே ஒரு மேசை. அதன்மீது பதினான்கு பாண்கள், கடதாசிப் பைகளில், ஒவ்வொன்றிலும் வாங்குவோர் பெயர் எழுதப்பட்டு இருந்தன. வியாழக்கிழமைக்கு முன்னர் சொல்லிவைத்தவர்க்கே பாண் உண்டு. சொல்லாமல் வந்த ஒருவர் எம் கண்முன்னே வெறுங்கையோடு திரும்பினார். வீட்டுக்காரியான அம்மையாருக்கு வயது நாற்பதளவில் இருக்கும். கையிலே முழங்கைவரை மா. "வாங்க சார், உக்காருங்க" என்ற முதற் சொல்லிலேயே மலைநாட்டுத் தமிழ் தெரிந்தது. ஹற்றனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்திலே பிறந்தவர்.

விலையைக் கேட்டோம். ஒரு பாண் ஆயிரத்து இருநூறு ரூபா. நாம் ஆசிரியர், சம்பளத்தை விரல்விட்டு எண்ணிச் செலவழிப்பவர். சூன் பாண் வண்டியிலே எட்டு ஒன்பது இறாத்தல் பாண் வாங்கும் பணம் இது என்று மனம் உடனே கணக்கிட்டது. அதனை முகம் காட்டிவிட்டது போலும். அம்மையார் கோபிக்கவில்லை. "எல்லாரும் அப்பிடித்தான் சார் பாப்பாங்க. உள்ளே வந்து பாருங்க, பெறகு சொல்லுங்க" என்று அழைத்தார்.

சமையலறை எமது வகுப்பறையின் காற்பங்கும் இல்லை. ஒரு மூலையிலே மின்சாரப் போறணை. ஒரு தடவைக்கு இரண்டு பாண் மட்டுமே கொள்ளும். இரண்டு கனத்த இரும்புச் சட்டிகள், மூடிகளோடு. சுவரோரமாகப் பிரம்புக் கூடைகள், அரிசிமா தூவிய துணி விரித்தபடி. தட்டின்மேல் மூன்று கண்ணாடிப் போத்தல்கள். அவற்றிலே குமிழி குமிழியாகப் பொங்கி நிற்கும் புளித்த மா. இந்த மூன்று போத்தல்களும்தான் தமது முதல் என்றார் அம்மையார்.

அவர் ஒரு பெரிய விடுதியின் சமையற்கூடத்திலே பதினொரு ஆண்டு வேலை செய்தவர். 2019 ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று நிகழ்ந்த குண்டுவெடிப்புகளுக்குப் பின்னர் வெளிநாட்டார் வருகை வீழ்ந்தது. 2020 இல் கொள்ளைநோய் வந்தது, விமான நிலையம் மூடப்பட்டது, விடுதிகளும் கதவடைத்தன. வேலை போய்விட்டது. கணவர் முச்சக்கர வண்டி ஓட்டுபவர். ஊரடங்கிலே அந்த வருவாயும் நின்றது. வீட்டிலே கோதுமை மா இருந்தது, ஈஸ்ட் இல்லை. விடுதியிலே கண்டு பழகிய புளித்த மாவைத் தாமே உண்டாக்க முனைந்தார். அதற்கு அவர் முதலில் எடுத்தது எமது குரக்கன் மா! உமி நீக்கித் தீட்டப்படாத தானியத்தோடு, கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் ஒட்டிக்கொண்டே வருகின்றன. மாவையும் நீரையும் கலந்து மூடிவைத்து, நாடோறும் ஒரு பகுதியை நீக்கிப் புதுமாவும் நீரும் இட்டுவர வேண்டும். மூன்றாம் நாள் சகிக்கமுடியாத நாற்றம். பழுதென்று எண்ணி இரண்டு முறை கொட்டினாராம். மூன்றாம் முறை பொறுத்திருந்தார். வேண்டாத உயிர்கள் புளிப்பிலே மடிய, வேண்டியவை நிலைத்தன. ஒன்பதாம் நாள் மா இருமடங்காகப் பொங்கியது.

இதிலே விந்தை யாதுமில்லை என்பதை எமது மாணவர்கள் அறிவார்கள். தோசைமாவும் இட்டலிமாவும் இரவோடிரவாகப் பொங்குவது எவ்வாறோ அவ்வாறே இதுவும். புளித்த மாவிலே இருவகை உயிர்கள் கூடி வாழ்கின்றன. ஒன்று காட்டு ஈஸ்ட். அது காற்றை உண்டாக்கி மாவைப் பொங்கச்செய்யும். மற்றது தயிரிலே இருப்பதற்கு உறவான பற்றீரியா. அது புளிப்பைத் தரும். ஓர் ஈஸ்டுக்கு நூறளவில் பற்றீரியாக்கள் இருக்கும் என்பர். அந்தப் புளிப்பினாலேயே பாண் எளிதிற் பூசணம் பிடிப்பதில்லை. 1857 ஆம் ஆண்டில் லூயி பாஸ்ரர் என்னும் பிரெஞ்சு அறிஞர் புளிப்பு உயிர்களின் தொழிலே என்று எழுதினார். ஆனால் அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்னரே, முந்தைய நாள் மாவிலே சிறிது எடுத்துவைத்து மறுநாட் பாணுக்கு இடும் வழக்கத்தை உரோமாபுரியின் பிளினி எழுதிவைத்துள்ளார். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஆலைகளில் ஈஸ்டை அமுக்கிக் கட்டியாக விற்கத் தொடங்கிய பின்னரே பாண் ஒன்றிரண்டு மணி நேரத்தில் பொங்கும் பண்டமாயிற்று. அதற்கு முன்னர் இதற்குச் சவர்டோ என்று தனிப்பெயர் வேண்டியிருக்கவில்லை.

அம்மையாரின் முறை இது. அரைக் கிலோ மாவுக்கு 350 கிராம் நீர், 100 கிராம் புளித்த மா, 10 கிராம் உப்பு. சனி காலை கலந்து, அரை மணிக்கொரு தடவை நான்கு முறை மடித்துவிடுவார். குளிர்நாடுகளிலே இது பொங்க எட்டுப் பத்து மணி நேரம் ஆகலாம். கொழும்பு வெக்கையிலே நாலு மணிக்குமேல் விட்டால் கூழாகிவிடும். பிற்பகலில் உருட்டிக் கூடையிலிட்டுக் குளிர்ப்பெட்டியில் வைப்பார். நள்ளிரவுக்குப் பின் எழுந்து, இரும்புச் சட்டியைப் போறணையிற் காயவைத்து, இரண்டிரண்டாகச் சுடுவார். முதலில் மூடி போட்டு, பின் மூடியின்றி, நாற்பத்தைந்து நிமிடம். பதினான்கு பாணுக்கு ஏழு தடவை. எமது மருமகள் அங்கேயே கணக்குப் போட்டாள்: ஐந்து மணி நேரத்துக்கும் மேல். மாவுக்கு அடுத்த பெருஞ்செலவு மின்சாரம். எஞ்சுவது எவ்வளவு என்று கேட்டோம். "கணக்குப் பாக்கப் பயமா இருக்கு சார். பையன் சாதாரணதரம் எடுக்கிறான். அது முடியட்டும்" என்றார்.

2022 ஆம் ஆண்டின் நெருக்கடியில் பங்குனி மாத முடிவில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டோம். குளிர்ப்பெட்டி நின்றது, போறணையும் நின்றது. பாண் சுட இயலாத அந்த நாட்களிலும் புளித்த மாவைச் சாகவிடாமல் காப்பதற்காக, விலையேறிய மாவிலே நாளுக்கு மூன்று கரண்டி அதற்கென்று ஒதுக்கினாராம். அன்று வீட்டாருக்கே மா அளந்துதான் எடுத்தார்கள். "வீட்டுக்காரர் ஏசினாரு சார். இருக்கிறவங்களுக்கே இல்ல, போத்தலுக்குப் போடுறியான்னு." அதைச் சொல்லும்போது சிரித்தார். தோட்டத்திலே பிறந்தவர்க்கு மா என்பது வெறும் வியாபாரப் பொருளன்று. கொழுந்து பறித்த தாய், வைகறையில் கோதுமை மா ரொட்டி தட்டிக் கொடுத்துவிட்டு மலையேறியதையும் அவர் சொன்னார்.

இலங்கையிலே கோதுமை விளைவதில்லை. எமது பாடம் சரித்திரமாதலின் ஓரிரண்டு வார்த்தை சொல்லாமல் விடமுடியவில்லை. பாண் என்னும் சொல்லும் போறணை என்னும் சொல்லும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்றவை; கதிரை, யன்னல், அலுமாரி என்பனவும் அவ்வாறே. 1619 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றி 1658 இல் ஒல்லாந்தரிடம் இழந்தவர்கள் அவர்கள். நாற்பது ஆண்டுகூட நிரம்பாத ஆட்சி, ஆனால் காலைச் சாப்பாட்டிலே இன்றும் இருக்கின்றது. எனினும் எளியோர் வீட்டுக்குக் கோதுமை மா பெருவாரியாக வந்தது 1942 இல் பர்மா யப்பானியர் வசமாகி அரிசி வரவு நின்றபோதுதான். பிற்காலத்திலே எமது பாட்டியார் அதனை 'அமெரிக்கன் மா' என்றே சொல்லுவார்.

இனி, ஒழுங்கையிலே எம்மை நிறுத்திய அந்த மணத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். எமது தந்தையார் ஒரு போறணைக்காரர். வலிகாமத்திலே எமது வீட்டு வளவின் பின்புறத்திலே செங்கல்லும் களிமண்ணும் கொண்டு கட்டிய விறகுப் போறணை இருந்தது. மாலையில் மா குழைத்து, இரவிலே விறகெரித்து, தணலை வாரி, ஈரச் சாக்கினால் உட்தளத்தைத் துடைத்து, நீண்ட பிடியுள்ள பலகையிலே பாணை உள்ளே தள்ளுவார். பழைய நாளிலே கள்விட்டே மாவைப் பொங்கச்செய்வது வழக்கம். ஈஸ்ட் வந்தபின்னும், போர்க்காலத் தடைகளால் அது ஊருக்கு ஒழுங்காய் வந்து சேராதபோது தந்தையார் கள்ளுக்குத் திரும்பினார். ஆனால் சைவாசாரமுள்ள சில வீடுகள் கள் சேர்ந்த பாணை வாங்கமாட்டா. அவர்களுக்கென்று முந்தைய நாள் மாவிலே ஓர் உருண்டையைச் சட்டியில் மூடிவைத்து, அதனைக்கொண்டு தனியே சிலவற்றைச் சுடுவார். 'பழமாப் பாண்' என்பது எங்கள் வீட்டிலே அதற்குப் பெயர். வெள்ளவத்தை ஒழுங்கையில் வீசியது அந்தப் பழமாவின் மணம்.

பள்ளியிலே எம்மைப் 'பாண்காரன்' என்பார்கள். நாம் அதை வெறுத்தோம். தந்தையார் தொழில் என்று படிவத்திலே கேட்டபோதெல்லாம் 'வியாபாரம்' என்று எழுதினோம். புகைமணக்கும் சட்டையோடு அவர் கல்லூரி வாயிலுக்கு வந்த ஒரு நாள், அவரைக் காணாதவர்போல மற்றப் பக்கத்தால் வீடு சென்றதும் உண்டு. அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்த அந்த மழையிரவில், பொழுதுபடக் குழைத்த மா தொட்டியிலேயே கிடக்க, போறணைத் தணலுக்கு இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டுத் தந்தையார் எம்மோடு வந்தார். அப்போது எமக்கு வயது பதினைந்து. அடுத்த ஆண்டு திரும்பியபோது போறணையின் முகடு விழுந்துகிடந்தது, தொட்டியைக் காணவில்லை. அவர் அதனை மீளக் கட்டவில்லை. 2011 இல் காலமானார். பழமாவை எவ்வாறு வைத்தீர்கள் என்று ஒருநாளும் நாம் கேட்டதில்லை. பட்டம் பெற எத்தனையோ புத்தகங்களைப் புரட்டிய எமக்கு அது கேட்கத்தக்க விடயமாகத் தோன்றவில்லை.

இதிலே ஒரு பகுதியை மட்டும் அந்த அம்மையாருக்குச் சொன்னோம். அவர் பேசாமல் ஒரு சிறு போத்தலை எடுத்து, இரண்டு கரண்டி புளித்த மாவை அதிலிட்டு எம்மிடம் நீட்டினார். பணம் எடுக்க மறுத்துவிட்டார். "இதுக்குக் காசு வாங்கக்கூடாது சார்" என்றார். உறைமோருக்கு விலை பேசாத எமது ஊர் வழக்கம் நினைவுக்கு வந்தது. விளக்கு வைத்தபின் உறைமோர் கொடுப்பதில்லை என்றும் ஒரு வழக்கம் உண்டு. அப்போது காலை ஒன்பது மணியாதலால் இடையூறில்லை. பாணுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாவைக் கொடுத்தபோது, முன்னர் தோன்றிய கணக்கு ஏனோ தோன்றவில்லை.

பாணைச் சூட்டோடு வெட்டலாகாதாம். ஆறும்போது அதன் மேற்பொருக்கு சிறுசிறு வெடிப்போசை எழுப்பும். ஒரு மணி நேரம் பொறுத்து, எமது தங்கை வெட்டினாள். பொருக்கு தடித்துக் கறுஞ்சிவப்பாய் இருந்தது. உள்ளே தேனடைபோலத் துளைகள், ஈரப்பசை, மெல்லிய புளிப்பு. வெண்ணெயோடு உண்டால் வேறொன்றும் வேண்டாம். கட்டைச் சம்பலோடும் மிக நன்று. ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும்: சொதியிலே தோய்த்துண்பதற்கு எமது அச்சுப் பாணே மேல். சவர்டோவின் துளைகளால் சொதி ஒழுகிச் சட்டையில் விழுகின்றது. பல் தளர்ந்தவர்களுக்கு அப்பொருக்கு ஆகாது. கோதுமைப் பசை ஒவ்வாதோர், புளித்ததனால் கேடில்லை என்று நம்பி இதனை உண்ணவும் ஆகாது. பசை குறையுமேயன்றி நீங்குவதில்லை.

மறுநாட் காலை யாழ்தேவியிலே ஏறினோம். போத்தலை இறுக மூடவேண்டாம் என்று அம்மையாரும் மருமகளும் இருமுறை சொல்லியிருந்தார்கள். சட்டையிற் சிந்துமே என்ற அச்சத்தினால் நாம் இறுகவே மூடினோம். மாகோ கடந்து வெயில் ஏற ஏறப் பைக்குள்ளிருந்து ஒரு சீறல் கேட்டது. மூடியைத் திருகியதுதான் தாமதம்; 'டப்' என்ற ஓசையோடு மா பொங்கி எமது கையிலும் பயிற்சி வகுப்புக் குறிப்புகளிலும் வழிந்தது. புளிப்பு மணம் பெட்டி முழுவதும் பரவியது. எதிரே இருந்த முதியவர் கண்ணை மூடி அதனை நன்றாக நுகர்ந்துவிட்டு, எம்பக்கம் சாய்ந்து, மெதுவாக, "தம்பி, பனையோ தென்னையோ?" என்று கேட்டார். நாம் ஆசிரியர் என்பதை அவருக்குச் சொல்லவில்லை.

வீட்டிலே எமது முதல் முயற்சி அம்மிக்கல்லாய் முடிந்தது. இரண்டாவது, தட்டையாகப் பரந்து றொட்டியாயிற்று. எமது தாயாருக்கு வயது எழுபத்தெட்டு. பெரும்பாலும் படுக்கையிலேதான் இருப்பார். இரண்டாம் நாள் இரவு அவர் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அடுக்களைக்கு வந்து, போத்தலைத் திறந்து மணந்துபார்த்தார். நெடுநேரம் மணந்துபார்த்தார். பின்னர், "இது பசியோட கிடக்குது தம்பி. கொப்பர் இதுக்கு ராவிலதான் மா வைப்பார். விடிய ஒரு சொட்டைத் தண்ணியில போடு. மிதந்தாக் குழை, தாண்டாக் குழைக்காத" என்றார்.

கொழும்பிலே அந்த அம்மையார் ஒரு கிண்ணம் நீரிலே புளித்த மாவின் துளியொன்றை இட்டு, அது மிதப்பதை எமக்குக் காட்டியிருந்தார். நாம்தான் அதனை மறந்திருந்தோம்.

மூன்றாம் பாண் பொங்கியது. வடிவம் கோணல், அடிப்புறம் சிறிது கருகியும் விட்டது. தாயார் பொருக்கை நீக்கி, உள்ளே இருந்ததைத் தேநீரிலே தோய்த்து உண்டார். நாம் அருகே நின்றோம், பரீட்சை எழுதியவன் நிற்பதுபோல. ஒரு துண்டு முடிந்தபின், "உப்புப் போதாது" என்றார். பின்னர் இன்னொரு துண்டு கேட்டார்.

அன்றிரவு மருமகள் தொலைபேசியில் அழைத்தாள். புளித்த மா உயிரோடு இருக்கின்றதா என்று அந்த அம்மையார் விசாரித்தாராம். பாணின் படத்தை அனுப்பினோம். சிறிது நேரத்தில், "உப்பு எவ்வளவு போட்டீங்கன்னு கேளுங்க" என்று அவரிடமிருந்து மறுமொழி வந்தது. தாயாரின் இரத்த அழுத்தத்தை எண்ணி அரைக் கிலோவுக்கு ஆறு கிராமே இட்டிருந்தோம். அடுத்த ஞாயிறு எட்டுக் கிராம் இட்டோம்.